அணுக்கரு இணைவுத் துறையில் மெக்கானிக்கல் டிசைன் வேலை: பினாங்கு, கோலாலம்பூர் பொறியாளர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும் இந்தத் துறைக்குப் போக நினைக்கும் மெக்கானிக்கல் பொறியாளர்கள் பெரும்பாலும் முதலில் திறப்பது பிளாஸ்மா (மிகச் சூடான, மின்னேறிய வாயு) இயற்பியல் பாடநூலை. மூன்றாம் அத்தியாயத்தில் சமன்பாடுகள் மூச்சு முட்ட வைக்கும். ஆறு மாதத்தில் ஆசை அடங்கிவிடும். திறமைக் குறைவு அல்ல, வரிசைக் கோளாறு. இணைவு உலை கட்டும் குழுக்களில் இயற்பியலாளர்களுக்குப் பஞ்சமில்லை. கசியாத ஃபிளேஞ்ச் வரையத் தெரிந்தவர், சூடேறினால் எந்தப் பக்கம் நீளும் என்று யோசித்துத் தாங்கி வைப்பவர், வெல்டரின் டார்ச் அந்த மூலைக்குள் போகுமா என்று பார்ப்பவர், இவர்களுக்குத்தான் பஞ்சம்.

அதனால் இங்கே பிளாஸ்மா கடைசியில் வருகிறது. கடவுச்சீட்டு, துணை அமைப்பு, வெற்றிடக் கலன், சிறப்புச் சுமைகள், தரநிலைகள், பிறகுதான் அது. பகலில் வேலை பார்த்துக்கொண்டே செய்தால் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு பிடிக்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மெக்கானிக்கல் பட்டம், மலேசியப் பொறியாளர் வாரியத்தின் அங்கீகாரத்தோடு. மலேசியா 2009 முதல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பு நாடு. அந்த அங்கீகாரம் இருந்தால் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா போன்ற நாடுகளில் உங்கள் பட்டம் என்ன தரம் என்று நிரூபிக்க அலைய வேண்டியதில்லை. வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதியாமல் இருந்தால் இந்த வாரமே பதியுங்கள். பின்னால் அவசரத்தில் தேடினால் பல்கலைக்கழகக் கடிதம் வரவே மாதக்கணக்கில் ஆகும்.

முப்பரிமாண வரைவு மென்பொருள் ஒன்றில் இரண்டு ஆண்டுப் பழக்கமும், தகைவு (ஸ்ட்ரெஸ்) ஆய்வு மென்பொருள் ஒன்றில் அடிப்படைப் பயிற்சியும் வேண்டும். கூடவே, வரைந்ததை ஒருமுறையாவது வெட்டி, பற்றவைத்துப் பார்க்க ஒரு மெஷினிங் பட்டறையின் பழக்கம் வேண்டும். மூன்றில் இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

1. முதலில் கடவுச்சீட்டைப் பாருங்கள்

பிரான்ஸின் தெற்கே கட்டப்பட்டுவரும் பன்னாட்டு இணைவு உலையான ஈட்டர் திட்டத்தில் ஏழு தரப்புகள் உறுப்பு: ஐரோப்பிய ஒன்றியம், சீனா, இந்தியா, ஜப்பான், தென் கொரியா, ரஷ்யா, அமெரிக்கா. நேரடிப் பணியாளர்களை அவர்கள் உறுப்பு நாட்டுக் குடிமக்களிலிருந்தே எடுக்கிறார்கள். மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை. இது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் விண்ணப்பம் அனுப்பிவிட்டு, பதில் இல்லை என்று மனம் உடைபவர்கள் உண்டு.

ஆனால் கோலாலம்பூரில் வேலை அனுமதியில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருப்பவர்களுக்கே பாதை இரண்டாகப் பிரியும்.

மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டிய திசைகள் வேறு. பிரிட்டனில் கலம் என்னும் ஊரில் உள்ள இணைவு ஆய்வு வளாகமும் அதைச் சுற்றி வளர்ந்த தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன. ஜப்பானில் கியோட்டோ ஃபியூஷனியரிங் போன்ற நிறுவனங்கள் உலையின் துணைக் கருவிகளைச் செய்கின்றன. ஐரோப்பாவுக்குள் நுழைய இரண்டாண்டு முதுகலை ஒரு சுற்றுவழி. பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஃபியூஷன்-இ.பி. என்னும் எராஸ்மஸ் முண்டுஸ் பட்டமும் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தின் இணைவுத் துறை முதுகலையும் ஐரோப்பியர் அல்லாதவர்களையும் சேர்க்கின்றன. பிரிட்டனில் யார்க் பல்கலைக்கழகத்திலும் இணைவு ஆற்றல் முதுகலை உண்டு.

அமெரிக்க நிறுவனங்களின் விளம்பரத்தைக் கடைசிப் பத்தியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். ஏற்றுமதிக் கட்டுப்பாடு, குடியுரிமை நிபந்தனை எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நாட்டை முதலில் முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்த மென்பொருள், எந்த வரைபட முறை, எந்த வடிவமைப்பு விதிநூல் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. ஈட்டரும் அதைச் சுற்றியுள்ள ஐரோப்பியக் குழுக்களும் கேட்டியா என்னும் வரைவு மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. அங்கே போக நினைப்பவர் வேறொரு மென்பொருளில் மேம்பட்ட சான்றிதழ் வாங்கி என்ன பயன்?

2. ஒரு துணை அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்

“இணைவுத் துறையில் ஆர்வம்” என்று எழுதும் விண்ணப்பம் எந்த மேலாளரின் மேசைக்கும் போகாது. வெற்றிடக் கலன், கிரையோஸ்டாட் (உலையைச் சுற்றியுள்ள குளிர்க் கலன்), காந்தச் சுருள் தாங்கிகள், டைவர்ட்டர் (பிளாஸ்மாவின் சூட்டையும் கழிவையும் ஏற்கும் பகுதி), போர்வைப் பகுதிகள் (உட்சுவரை மூடும் கவசங்கள்), தொலைக் கையாளல், எரிபொருள் சுற்று, அளவீட்டுக் கருவிகள் என்று ஒவ்வொன்றும் தனிக் குழு. ஒன்றைச் சொல்லுங்கள்.

புதியவர்களுக்குப் பொருத்தமானவை வெற்றிடக் கலன் சார்ந்த பகுதிகளும், அளவீட்டுக் கருவிகளைத் தாங்கும் போர்ட் (கலனின் பக்கவாய்) அமைப்புகளும். பாகங்கள் சிறியவை, மாற்றங்கள் அடிக்கடி வரும், ஆள் எப்போதும் தேவை. காந்தத் தாங்கிகள் வேறு உலகம். 5 டெஸ்லா புலம் தரும் காந்த அழுத்தம் சுமார் 10 மெகாபாஸ்கல். 20 டெஸ்லா என்றால் சுமார் 160 மெகாபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல 1,500 மடங்குக்கும் மேல். தகைவு ஆய்வில் பல ஆண்டு ஊறியவர்களுக்கே அது சரிவரும்.

3. இப்போதைய வேலை எதைத் தந்திருக்கிறது, எதைத் தரவில்லை

பாயான் லெப்பாஸ், பத்து காவான் பக்கம் குறைகடத்திக் கருவிகள் செய்யும் தொழிற்சாலைகளில் இருப்பவர்களுக்கு வெற்றிடம், தூய்மை அறை, மைக்ரான் கணக்கில் பொறுதி (டாலரன்ஸ்) எல்லாம் அன்றாடம். ஹீலியம் கசிவுமானியைக் கையில் பிடித்திருப்பார்கள். இல்லாதது விதிநூல் கணக்கு. தடிமன் ஏன் அவ்வளவு என்று கேட்டால் “கஸ்டமர் டிராயிங்கில் அப்படித்தான் இருந்தது” என்பதே பதிலாக வரும். பினாங்கின் பல வேலைகள் வந்த வரைபடத்தைச் செய்து கொடுப்பவை. “வடிவமைத்தேன்” என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டு நேர்காணலில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கோலாலம்பூர், ஷா ஆலாம், கிள்ளான் பக்கம் எண்ணெய் எரிவாயு வேலையில் இருப்பவர்களுக்கு நிலைமை நேர்மாறு. அழுத்தக் கலன் விதிகள், குழாய்த் தகைவு, வெல்டிங் செயல்முறைத் தகுதி ஆவணம், சேதப்படுத்தாச் சோதனை எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அவர்களுக்கு அழுத்தம் எப்போதும் உள்ளிருந்து வெளியே. உள்பக்கம் எப்படிப்பட்ட பரப்பு, எங்கே காற்று சிறைப்படும் என்ற கவலை அவர்களுக்கு இருந்ததே இல்லை. மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் குழாய் பொருந்திவிடும் என்ற பழக்கமும் கூடவே வரும்.

பினாங்குக்காரர் விதிநூலையும் கோலாலம்பூர்க்காரர் வெற்றிடத்தையும் கற்க வேண்டும். வெல்டிங் சோதனை தெரியாதவர்கள் பாங்கி நகரில் உள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்தின் சேதப்படுத்தாச் சோதனைப் பயிற்சிகளைப் பாருங்கள். சோதனையாளர் ஆவதற்கு அல்ல. எந்த வெல்டைச் சோதிக்க முடியாது என்று வரையும்போதே தெரிவதற்கு.

4. பயிற்சித் திட்டம்: ஒரு வெற்றிடக் கலனை முழுசாக வடிவமைத்தல்

இந்த வழிகாட்டியின் பாதிக் கனம் இங்கேதான் இருக்கிறது. நாலைந்து மாதம் ஒதுக்குங்கள். அலுவலகத்து வரைபடத்தை எடுத்து மாற்றி வைக்காதீர்கள். ரகசிய ஒப்பந்தம் உங்களைக் கட்டும். பிறர் வரைபடத்தைக் காட்டும் ஆளை எந்த நிறுவனமும் நம்பாது.

அளவுகள் இவை: உள்விட்டம் 400 மி.மீ., நீளம் 600 மி.மீ., 316எல் துருவுறா எஃகு, சுவர் 4 மி.மீ., ஒரு முனையில் 15 மி.மீ. தட்டை மூடி போல்ட்டில், பக்கவாட்டில் நான்கு சி.எஃப். (உலோக கேஸ்கெட் வைத்து மூடும் வெற்றிட ஃபிளேஞ்ச் வகை) போர்ட்டுகள்.

4.1 கைக்கணக்கு முதலில்

மூடியின் மேல் வளிமண்டலம் அழுத்தும் விசை சுமார் 12,700 நியூட்டன், ஏறக்குறைய 1.3 டன் எடை. விளிம்பு முழுக்க இறுகப் பிடித்திருந்தால் நடுவில் சுமார் 0.04 மி.மீ. குழியும்; விளிம்பு சும்மா தாங்கியிருந்தால் சுமார் 0.17 மி.மீ. குழியும். இரண்டாவது நிலையில் தகைவு சுமார் 22 மெகாபாஸ்கல், 316எல்லுக்கு ஒன்றுமே இல்லை. போல்ட் போட்ட மூடியின் உண்மை நிலை இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

உருளைச் சுவர் வெளி அழுத்தத்தில் நசுங்குமா? 4 மி.மீ. சுவருக்குக் கோட்பாட்டு நசுங்கல் அழுத்தம் சுமார் 3.5 மெகாபாஸ்கல், 2 மி.மீ. சுவருக்குச் சுமார் 0.6. வளிமண்டலம் வெறும் 0.1. அப்படியானால் 2 மி.மீ. போதாதா என்று நேர்காணலில் கேட்பார்கள். பதில்: நசுங்கலுக்குப் போதும், ஆனால் போர்ட் ஓட்டைகளை வெட்டி, ஃபிளேஞ்சைப் பற்றவைத்ததும் மெல்லிய சுவர் முட்டை வடிவத்துக்கு இழுத்துக்கொள்ளும். வட்டம் கெட்டால் கோட்பாட்டு எண்ணும் கெடும். தடிமனைத் தீர்மானித்தது வெல்டிங் கோணல், காற்றழுத்தம் அல்ல. இந்த ஒரு பதிலைச் சொந்தமாகச் சொல்லத் தெரிந்தாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

4.2 பிறகு கணினி ஆய்வு

கைக்கணக்கு இல்லாமல் மென்பொருளைத் திறந்தால் வண்ணப் படம் வரும், உண்மை வராது. மூடியின் குழிவு 0.04க்கும் 0.17க்கும் இடையில் வரவில்லை என்றால் விளிம்பு நிபந்தனை தப்பு. எதிர்விசைகளைக் கூட்டினால் மேலே கண்ட 12,700 வர வேண்டும். வரவில்லை என்றால் அழுத்தம் ஏதோ ஒரு பரப்பில் விடுபட்டிருக்கிறது.

கூர்மூலையில் வரும் உச்ச எண்ணை அப்படியே அறிக்கையில் போடுவது பழைய பிழை. வலையை நுணுக்கினால் அந்த எண் ஏறிக்கொண்டே போகும், நிற்காது. சுவரின் குறுக்கே தகைவைச் சவ்வுத் தகைவு (தடிமன் முழுக்கச் சமமாக இருப்பது), வளைவுத் தகைவு என்று பிரித்து, விதிநூல் எல்லையோடு ஒப்பிட வேண்டும்.

4.3 வெல்ட் எந்தப் பக்கம்?

தொடர் வெல்ட் வெற்றிடப் பக்கம், அதாவது உள்ளே. வலு போதாவிட்டால் வெளிப்பக்கம் இடைவெளி விட்டு விட்டுத் துண்டு வெல்ட் போடலாம். எண்ணெய் எரிவாயுப் பழக்கத்தில் இரண்டு பக்கமும் முழுசாக மூடிவிடுகிறார்கள். இரண்டு வெல்டுக்கும் நடுவில் காற்று சிறைப்படும். உள் வெல்டில் ஓட்டை இருந்தாலும் வெளியே ஹீலியம் ஊதிக் கண்டுபிடிக்க முடியாது. இணைவு உலையின் பெரிய கலன்களில் இன்னும் கடுமை. முழு ஊடுருவல் வெல்ட் கேட்பார்கள், கதிர்ப்படமோ மீயொலியோ வைத்து முழுத் தடிமனையும் பார்க்க வேண்டும் என்பதற்காக.

ஃபிளேஞ்சின் சீல் முகத்தைப் பற்றவைத்த பிறகு கடைய 2 மி.மீ. கூடுதல் விட்டு வரையுங்கள். முதலிலேயே கடைந்து வைத்தால் வெல்டிங் சூட்டில் முகம் அலைபோல் வளையும். டிக் வெல்டிங் செய்யும்போது பின்பக்கம் ஆர்கான் ஊத வேண்டும் என்றும் வரைபடத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால் பின்பக்கம் கருகிச் சர்க்கரைப் பாகு உறைந்த மாதிரி பொறுபொறுவென்று நிற்கும். அந்தப் பரப்பு வாழ்நாள் முழுக்க வாயு விட்டுக்கொண்டிருக்கும்.

4.4 குருட்டு ஓட்டையும் போலிக் கசிவும்

கலனுக்குள் எம்6 போல்ட் போடும் குருட்டு (மறுபக்கம் திறக்காத) மரை ஓட்டையை உற்றுப் பாருங்கள். போல்ட் நுனிக்குக் கீழே கடுகளவு இடம், 0.1 கன சென்டிமீட்டர் காற்று. அது மரை வழியே விநாடிக்கு ஒரு மில்லிபார் லிட்டரின் (ஒரு மில்லிபார் அழுத்தத்தில் ஒரு லிட்டர் வாயு) பத்து லட்சத்தில் ஒரு பங்கு வீதம் கசிந்தால், தீர ஒரு நாளுக்கு மேல் ஆகும். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். அழுத்தம் ஒரு இடத்தில் நின்றுவிடும். வெளியே எங்கு ஹீலியம் ஊதினாலும் கசிவுமானி அசையாது, ஏனென்றால் வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகவில்லை. இதுதான் போலிக் கசிவு.

துளையிட்ட போல்ட் போடுங்கள், அல்லது ஓட்டையைப் பின்னால் வரை துளையுங்கள், அல்லது மரையின் பக்கத்தில் ஒரு பள்ளம் வெட்டுங்கள். வரைபடத்தில் அந்தச் சிறு துளையைக் கண்டதும் பட்டறை அண்ணன் “இது எதுக்கு?” என்று கேட்டுவிட்டு, விட்டும்விடுவார். பக்கத்திலேயே ஒரு வரிக் காரணம் எழுதினால் விடமாட்டார்.

4.5 சீல், கசிவுச் சோதனை

சி.எஃப். ஃபிளேஞ்சில் கத்திமுனை போன்ற விளிம்பு செம்பு கேஸ்கெட்டுக்குள் பதிகிறது. ஒரு கேஸ்கெட் ஒரு முறைக்குத்தான். மிச்சம் பிடிக்கத் திரும்பப் போட்டால் கசியும். போல்ட்டுகளை எதிரெதிராக, நாலைந்து சுற்றில் இறுக்கச் சொல்லுங்கள். கலனை வரையும்போது ஸ்பேனர் சுழல இடம் விட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். 100 அளவு ஃபிளேஞ்சில் எம்8 போல்ட் பதினாறு இருக்கிறது. சுவரை ஒட்டிய நாலு போல்ட்டுக்கு ஸ்பேனர் போகாமல் மாட்டிக்கொண்ட வடிவமைப்புகள் ஏராளம்.

கசிவு வரம்பாக விநாடிக்கு ஒரு மில்லிபார் லிட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு என்று வையுங்கள். ஒரு கன சென்டிமீட்டர் காற்று உள்ளே வர முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும் வேகம் அது. ஹீலியத்தை மேலிருந்து கீழே ஊதிக்கொண்டு வாருங்கள். கீழே தொடங்கினால் வாயு மேலே ஏறி, இன்னும் சோதிக்காத இணைப்பில் நுழைந்து தப்பான இடத்தைக் காட்டும்.

முழுக் கலனையும் செய்து பார்க்கச் செலவு அதிகம். 40 மி.மீ. குழாய்த் துண்டின் இரு முனையிலும் சி.எஃப். 40 ஃபிளேஞ்ச் பற்றவைத்து, கசிவுமானி இருக்கும் இடத்தில் ஒருமுறை சோதித்து வாங்குங்கள். அந்தச் சோதனைத் தாள் ஒன்று, பத்து வண்ணப் படத்துக்கு மேல்.

4.6 சூடு, குளிர்

வெற்றிடச் சுவரில் ஒட்டிய நீர்மூலக்கூறுகள் போகக் கலனைச் சூடேற்றுவார்கள். 20 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்குப் போனால் ஒரு மீட்டர் துருவுறா எஃகு சுமார் 3 மி.மீ. நீளும். திரவ ஹீலியக் குளிருக்குப் போனால் ஏறக்குறைய அதே 3 மி.மீ. சுருங்கும். நம் 600 மி.மீ. கலன் சூட்டில் 1.8 மி.மீ. நீளும். நான்கு கால்களையும் தரையில் இறுக்கிவிட்டால் ஒன்று கால் வளையும், அல்லது வெல்ட் கிழியும். ஒரு காலை நிலையாகப் பிடித்து மற்றவற்றை நழுவ விடுங்கள். ரப்பர் ஓ-ரிங் வைத்த மூடி என்றால் 150 டிகிரியோடு நில்லுங்கள்.

4.7 துப்புரவும் குளோரைடும்

இந்த வரி இல்லாத வரைபடம் முடிந்த வரைபடம் அல்ல: எந்த வெட்டு எண்ணெய், எந்தக் கழுவல், எந்தத் தண்ணீர். ஈட்டரின் வெப்பக் கவசத்தில் குளிர்விப்புக் குழாய்கள் சுமார் 23 கிலோமீட்டர். தகட்டோடு குழாய் பற்றவைத்த இடங்களில் சிக்கிய குளோரைடு எச்சம் தகைவு அரிப்பு விரிசலை உண்டாக்கியது 2022இல் வெளியே வந்தது. குழாய்களைப் பிரித்தெடுத்துப் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. கண்ணுக்குத் தெரியாத எச்சம் செய்த வேலை அது.

பினாங்கில் கடற்காற்றிலேயே உப்பு இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. சில மார்க்கர் பேனா மையிலும் ஒட்டும் நாடாவிலும் கூட உண்டு. கனிமம் நீக்கிய நீரில் கடைசிக் கழுவல், குளோரைடு இல்லாத மார்க்கர், அன்றே பையில் அடைத்தல் என்று மூன்றையும் குறிப்பில் எழுதுங்கள். ஈட்டர் வெற்றிடக் கையேடு பொதுவில் கிடைக்கிறது. அதன் பின்னிணைப்புகளில் வெல்டிங், துப்புரவு, அனுமதித்த பொருள்கள் எல்லாம் இருக்கின்றன. அச்செடுத்து மேசையில் வையுங்கள்.

5. இணைவுத் துறைக்கே உரிய சுமைகள்

கலன் கைவந்த பிறகுதான் இது. முதலில் மின்காந்த விசை. பிளாஸ்மா திடீரென்று அணையும்போது அதில் ஓடிய பெருமின்னோட்டம் சில பத்து மில்லிவிநாடிகளில் சரியும். சுற்றியுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் பாயும். 5 டெஸ்லா புலத்துக்குக் குறுக்கே ஒரு மீட்டர் நீளத் தகட்டில் 1,000 ஆம்பியர் ஓடினால் விசை 5,000 நியூட்டன், அதாவது அரை டன் எடை, ஒரு கணத்தில். தாங்கியைத் தடிமனாக்கினால் தீருமா? தடிமன் கூடினால் மின்தடை குறையும், ஓட்டமும் விசையும் கூடும். பிளவு வெட்டி ஓட்டத்தின் வளையத்தை உடைப்பதே வழி. அழுத்தக் கலன் உலகத்திலிருந்து வருபவர்கள் தடுமாறும் முதல் இடம் இது.

அடுத்தது நியூட்ரான். ஹைட்ரஜனின் கனவகைகளான டியூட்டீரியம், டிரிட்டியம் இணையும்போது ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரானில் போகிறது. அது எஃகில் உள்ள கோபால்ட்டை நீண்டகாலக் கதிரியக்கமாக மாற்றும். அதனால் கலனுக்கான எஃகில் கோபால்ட், நையோபியம் அளவுக்கு வரம்பு வைப்பார்கள். கடையில் கிடைக்கும் 316எல்லின் சான்றிதழில் அந்த எண்ணே இருக்காது. ரப்பர் ஓ-ரிங் கதிரில் விறைத்து வெடிக்கும், டிரிட்டியமும் அதில் ஊடுருவும்; டெஃப்லான் இன்னும் சீக்கிரம் உதிரும். நம் பயிற்சி மூடியில் ஓ-ரிங் வைத்திருந்தால், அதை உலோக சீலுக்கு மாற்றி மறுபடி வரையுங்கள். போல்ட் எண்ணிக்கையும் மூடித் தடிமனும் எவ்வளவு எகிறுகின்றன என்று அப்போது தெரியும்.

மூன்றாவது தொலைக் கையாளல். உலை ஓடிய பிறகு உள்ளே மனிதர் போக முடியாது, இயந்திரக் கைதான் போகும். போல்ட் கழன்றாலும் பாகத்தோடு ஒட்டியே நிற்க வேண்டும். விழுந்தால் எடுக்க ஆளில்லை. வழிகாட்டும் ஊசிகளுக்கு நீண்ட சரிவு விளிம்பு வேண்டும். துருவுறா எஃகு மரையில் துருவுறா எஃகு போல்ட் வெற்றிடத்தில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். வேறு உலோகக் கலவையோ முலாமோ தேர்ந்தெடுங்கள். வெள்ளி முலாம் நன்றாக வேலை செய்யும். நியூட்ரான் விழும் இடமாக இருந்தால் அதற்கும் அனுமதி கேட்க வேண்டும்.

6. தரநிலைகளும் வரைபட மொழியும்

ஈட்டர் வெற்றிடக் கலன் பிரெஞ்சு அணு விதிநூலான ஆர்.சி.சி.-எம்.ஆர்.படி வடிவமைக்கப்பட்டது. எல்லா விதிநூலையும் படிக்க நேரம் இல்லை. அமெரிக்க மெக்கானிக்கல் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) அழுத்தக் கலன் விதிநூலில், எட்டாம் பிரிவின் இரண்டாம் பகுதியில் ஆய்வுவழி வடிவமைப்பு அத்தியாயத்தைக் கரைத்துக் குடியுங்கள். தகைவுகளை வகைபிரிக்கும் தர்க்கம் பிடிபட்டால் மற்ற நூல்களுக்குத் தாவுவது சில வார வேலை.

வரைபடம்தான் சத்தமில்லாமல் காலை வாரும். அமெரிக்க வாடிக்கையாளருக்கு வரைந்து பழகிய பினாங்குக்காரர் ஏ.எஸ்.எம்.இ. முறையில் நினைக்கிறார். அங்கே அளவுப் பொறுதி வடிவத்தையும் கட்டுப்படுத்தும். ஐ.எஸ்.ஓ. முறையில் சிறப்பாகச் சொல்லாதவரை கட்டுப்படுத்தாது. 20 மி.மீ. விட்டம், 200 மி.மீ. நீளம், பொறுதி 0.1 என்று ஊசி வரைந்தால், ஏ.எஸ்.எம்.இ.படி அது முழு நீளமும் 20.1 மி.மீ. ஓட்டைக்குள் போயாக வேண்டும். ஐ.எஸ்.ஓ.படி அதே ஊசி வாழைக்காய் மாதிரி வளைந்திருந்தாலும் ஒவ்வோர் இடத்திலும் விட்டம் சரியாக இருந்தால் தேறிவிடும். எந்த முறை என்று தலைப்புக் கட்டத்தில் எழுதுங்கள். முதல் கோணப் பார்வையா மூன்றாம் கோணப் பார்வையா என்பதையும். இடவலம் மாறிய பாகம் வந்து இறங்கிய பிறகு வருந்திப் பயனில்லை.

பெரிய பாகத்தில் பொறுதி எவ்வளவு வலிக்கும் என்பதற்கும் ஈட்டரே சான்று. கலனின் ஒன்பது பிரிவுகளில் ஒவ்வொன்றும் சுமார் 440 டன். பிரிவுகள் ஒன்றோடொன்று சேரும் விளிம்புகள் குறித்த அளவிலிருந்து விலகியிருந்ததும் 2022இல்தான் வெளியே வந்தது. தானியங்கி வெல்டிங் கருவிக்கு அந்த விலகல் ஒத்துவராது. உலோகம் ஏற்றி, கடைந்து, சரிசெய்யும் வேலை நடந்தது.

7. இப்போது பிளாஸ்மா, தேவையான அளவு

இரண்டு மாத வார இறுதிகள் போதும். டோக்காமாக்கில் (காந்தப் புலத்தால் பிளாஸ்மாவை வளையமாக அடைக்கும் சாதனம்) எந்தச் சுருள் எந்தப் புலம் தருகிறது, பிளாஸ்மா ஏன் திடீரென்று அணைகிறது, டைவர்ட்டரில் ஏன் சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் இறங்குகிறது, ஒரு துடிப்பு, அதாவது ஒரு முறை மூட்டிய பிளாஸ்மா, எவ்வளவு நேரம் ஓடும் என்று நான்கு கேள்விகளுக்குத் தெளிவான விடை வேண்டும். இயற்பியலாளர் தரும் எண்ணைச் சுமையாக மாற்றத் தெரிவதுதான் உங்கள் வேலை.

பினாங்கிலிருந்து அருகில் இருக்கும் டோக்காமாக் தாய்லாந்தில், நாகோன் நாயோக் மாநிலத்தின் ஓங்காரக்கில் இருக்கிறது. 2023இல் இயங்கத் தொடங்கிய அதன் பெயர் தாய்லாந்து டோக்காமாக்-1. தாய்லாந்தில் நடத்தப்பட்டுவரும் ஆசியான் பிளாஸ்மா, அணுக்கரு இணைவுப் பயிற்சிப் பள்ளியின் அறிவிப்பைக் கவனியுங்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பிளாஸ்மா தொழில்நுட்ப ஆய்வு மையத்திலும் விசாரிக்கலாம். அங்கே சிறிய சாதனத்துக்கு வெற்றிடப் பாகம் வரையும் வேலை கிடைத்தாலும் விடாதீர்கள்.

8. காட்ட வேண்டிய கோப்பு

முப்பரிமாணப் படத்தொகுப்பு யாருக்கும் வேண்டாம். இணைவுத் திட்டங்களில் வடிவமைப்பு கருத்து நிலை, முதல் நிலை, இறுதி நிலை என்று மறுஆய்வுகளைக் கடந்து, பிறகு உற்பத்திக்குப் போகிறது. உங்கள் கோப்பும் அந்தச் சாயலில் இருக்கட்டும்: தேவைகள் ஒரு பக்கம், சுமைகள் இரண்டு பக்கம், கைக்கணக்கு, ஆய்வு அறிக்கை, இரண்டு உற்பத்தி வரைபடம், பழுது வகைப் பட்டியல், அந்த 40 மி.மீ. குழாயின் கசிவுச் சோதனைத் தாள். மொத்தம் இருபது பக்கத்தைத் தாண்டக் கூடாது.

இடைமுகத் தாள் ஒன்றையும் சேருங்கள். உங்கள் போர்ட்டில் வேறொரு குழு கருவி மாட்டும் என்று வைத்து, போல்ட் வட்டம், அனுமதித்த எடை, சூட்டில் நகரும் தூரம், மின்காப்பு தேவையா என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இத்துறையில் பாதி நாள் இப்படிப்பட்ட தாள்களிலேயே போகும். புதியவர்கள் யாரும் இதைச் செய்து கொண்டுவருவதில்லை.

9. விண்ணப்பம், நேர்காணல்

விண்ணப்பத்தின் முதல் மூன்று வரியில் துணை அமைப்பு, விதிநூல், மென்பொருள் மூன்றும் தெரிய வேண்டும். வந்த வரைபடத்தைச் செய்து கொடுத்த வேலையை அப்படியே எழுதுங்கள். ஆனால் அதில் நீங்கள் மாற்றச் சொன்ன ஒன்றையும் அது ஏன் என்பதையும் சேருங்கள். “ஃபிளேஞ்ச் தடிமனை 12லிருந்து 16 மி.மீ. ஆக்கச் சொன்னேன், வெல்டிங்கில் முகம் வளைந்ததால்” என்ற ஒரு வரி, பத்து மென்பொருள் பெயருக்குச் சமம்.

நேர்காணலில் வரைபடத்தைத் திருப்பி வைத்துக் கேட்பார்கள்: இந்தப் பொறுதி ஏன் 0.05, 0.2 என்றால் என்ன கெடும்? கசிவு இருந்தால் எங்கே தேடுவாய்? 200 டிகிரியில் இந்தக் கால் எங்கே போகும்? இந்த வெல்டை எப்படிச் சோதிப்பாய்? தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கணக்கிடுவேன் என்று தாளில் கோடு போட்டுக் காட்டுங்கள். நம் ஆட்கள் பலர் மரியாதை கருதி எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறார்கள். மறுஆய்வுக் கூட்டத்தில் மூத்தவர் போட்ட எண்ணைத் தப்பு என்று சொல்ல வேண்டியவர் அப்படித் தலையாட்டினால் அங்கே அது குறையாகத்தான் எழுதப்படும்.

ஐரோப்பாவில் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் இணைவுத் தொழில்நுட்ப மாநாடான சாஃப்ட்டின் கட்டுரைகளைப் பாருங்கள். உங்கள் துணை அமைப்பில் யார் எந்த நிறுவனத்திலிருந்து எழுதுகிறார்கள் என்று தெரியும். அவர்களுக்கு எழுதும்போது வேலை கேட்காதீர்கள். அவர்கள் வரைந்த தாங்கியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு, உங்கள் இருபது பக்கக் கோப்பை இணைத்து அனுப்புங்கள்.